வாசகர் கேள்வி – பதில்: பெண் பிள்ளைகளுக்கு ஒரு லாக்ராஸ் கிளப்

நுனியில் வலைப்பை கட்டிய மட்டையால் ரப்பர் பந்தைப் பிடித்து, ஏந்திக்கொண்டு ஓடி, எறிந்து கோல் போடும் ஆட்டம் லாக்ராஸ். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பெண் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுத்தர நினைக்கும் பெற்றோரும் கமிட்டிக்காரர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். கேள்விகளில் பாதி ஆட்டத்தைப் பற்றியவை அல்ல. கிளப் எதற்காக, யாருக்காக என்பதைப் பற்றியவை.

கேள்வி: "திறமை, ஒழுக்கம், தலைமைப்பண்பு ஆகியவற்றை வளர்த்து, பெண் பிள்ளைகளை எல்லாத் துறையிலும் சிறந்து விளங்கச் செய்வது" என்று எங்கள் கிளப்பின் நோக்கத்தை எழுதியிருக்கிறோம். இது போதுமா? – கமிட்டிச் செயலாளர், சாட்ஸ்வர்த்

பதில்: எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இதே வாக்கியத்தைப் பரதநாட்டிய வகுப்பின் வாசலில் மாட்டலாம், கணக்கு டியூஷன் நோட்டீசிலும் அடிக்கலாம். அதுதான் குறை. நோக்கம் என்பது யாருக்கு, எதை, எப்படி என்ற மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளை வாசித்தாலும் புரிய வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"சாட்ஸ்வர்த்திலும் பக்கத்து ஊர்களிலும் இருக்கும் 8 முதல் 15 வயது வரையிலான எந்தப் பெண் பிள்ளைக்கும் லாக்ராஸ் கற்றுத்தருகிறோம். மட்டை இல்லை, பணம் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம். பெயர் கொடுத்த ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மேட்சிலும் களத்தில் இறங்குவாள்."

மூன்றே வாக்கியம். மூன்றையும் சனிக்கிழமை மைதானத்துக்கு வந்து நின்று சரிபார்க்கலாம். "சிறந்து விளங்கச் செய்வோம்" என்பதை யார் எப்படிச் சரிபார்ப்பது?

அடுத்து மதிப்புகள். நாலுக்கு மேல் வேண்டாம். ஏழெட்டு எழுதினால் கோச்சுக்கே மறந்துபோகும். ஒவ்வொன்றின் கீழும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு விதியாவது இருக்கட்டும். "பாதுகாப்பு" என்று எழுதினால், அதன் கீழே: கண்காப்பும் மவுத்கார்டும் இல்லாமல் யாரும் கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. இடிச் சத்தம் கேட்ட நிமிஷமே ஆட்டம் நிற்கும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை தொடங்காது. மட்டைக் கம்புகள் பெரும்பாலும் அலுமினியம் என்பதை மறந்துவிடாதீர்கள். "மரியாதை" என்று எழுதினால்: நடுவரிடம் கேப்டன் மட்டும் பேசுவாள், பெற்றோர் அணிகள் உட்காரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்பார்கள், கைதட்டலாம், "அங்கே போ, இங்கே எறி" என்று கத்தக் கூடாது. கடைசி விதியைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். அப்பாக்களை விட மாமாக்கள்தான் அதிகம் கத்துவார்கள்.

"முயற்சி" என்று எழுதும் கிளப்புகள் பலவும் பாராட்டும்போது கோலை மட்டும் எண்ணுகின்றன. பிள்ளைகள் அதை ஒரே வாரத்தில் மோப்பம் பிடித்துவிடுவார்கள். எண்ண வேண்டியது தரையில் உருளும் பந்தை யார் எத்தனை முறை எடுத்தாள் என்பதை. உயரம், பலம், அனுபவம் எதுவும் இல்லாத பிள்ளையும் அதைச் செய்ய முடியும். அதற்கும் முறை இருக்கிறது. பந்துக்குப் பக்கத்தில் ஒரு காலை வைத்து, முழங்காலை நன்றாக மடக்கி, மட்டையின் அடியைப் பிடித்த கை புல்லை உரசும் அளவுக்குத் தாழ வேண்டும். மட்டை தரையோடு கிட்டத்தட்டப் படுத்திருந்தால் பந்து தானாக வலைக்குள் ஏறும். எடுத்த பிறகும் நிற்காமல் நாலைந்து அடி ஓட வேண்டும். புதுப் பிள்ளைகள் நின்று, மட்டையைச் செங்குத்தாக வைத்து, பந்தைத் தன் பக்கம் இழுப்பார்கள். அதற்குள் எதிரணிக்காரி வந்துவிடுவாள். வேறு யாரும் எடுக்கக் கூடாது என்று வலையைப் பந்தின் மேல் கவிழ்த்து மூடிக்கொள்வதும் உண்டு. பெண்கள் ஆட்டத்தில் அது தப்பு, பந்து எதிரணிக்குப் போய்விடும். நம் பக்கத்துக் கிக்குயூ புல் வளர்ந்திருந்தால் பந்து உள்ளே புதைந்து இந்தப் பயிற்சியே பாழாகும். புல்லை ஒட்ட வெட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அமெரிக்கக் கிளப்புகளின் வாசகத்தை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அங்கே கல்லூரி அணிகளில் இடம் பிடிப்பது பெரிய விஷயம், அதனால் அதைப் பற்றியே பாதி எழுதியிருப்பார்கள். இங்கே அதைச் சொன்னால் பெற்றோர் தலையாட்டுவார்கள், பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது.

கேள்வி: மகள் ஹாக்கி ஆடுகிறாள், இப்போது இதையும் கேட்கிறாள். வீடியோவில் பையன்கள் ஹெல்மெட் போட்டு இடித்துக்கொள்கிறார்கள். பெண்கள் ஹெல்மெட்டே இல்லாமல் ஆடுகிறார்கள். பயமாக இருக்கிறது. – ஓர் அம்மா, ஃபீனிக்ஸ்

பதில்: நீங்கள் பார்த்தது இரண்டு வேறு ஆட்டங்கள் அம்மா. பையன்கள் ஆட்டத்தில் உடம்பால் இடிக்க அனுமதி உண்டு. பெண்கள் ஆட்டத்தில் இல்லை. அதனால்தான் கோல்கீப்பர் தவிர மற்றவர்களுக்குக் கெட்டி ஹெல்மெட் கிடையாது. விரும்பினால் மெத்தென்ற தலைக்கவசம் போடலாம்.

ஹெல்மெட்டின் வேலையை இங்கே விதிகள் செய்கின்றன. ஒவ்வொருத்தியின் தலையைச் சுற்றியும் சுமார் 18 சென்டிமீட்டருக்கு ஒரு கற்பனை வட்டம் உண்டு. அதற்குள் எதிரணியின் மட்டை நுழையக் கூடாது. பந்து வைத்திருப்பவளும் யாரும் தட்டக் கூடாது என்று மட்டையைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்ளக் கூடாது. கோல் அருகே இன்னொரு விதி, புதிதாகப் பார்ப்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். எதிரணியில் யாரையும் மட்டை எட்டும் தூரத்தில் காவல் காக்காமல், எறிபவளுக்கும் கோலுக்கும் நடுவே ஒருத்தி சும்மா நின்றால், தப்பு தடுப்பவள் மேல்தான். தைரியமாகக் குறுக்கே நிற்கிறாளே என்று கைதட்டாதீர்கள். பந்து அவள் முகத்தில் படும்.

சின்ன வயதில் கட்டுப்பாடு இன்னும் அதிகம். அமெரிக்க இளையோர் விதிகளில் 10 வயதுக்குக் கீழ் எதிரியின் மட்டையைத் தட்டவே கூடாது. அதற்கு மேல் வயது ஏற ஏறத்தான் கொஞ்சம் கொஞ்சமாக அனுமதிக்கிறார்கள், அப்போதும் தட்டு உடம்பை விட்டு வெளிப்பக்கம் போக வேண்டும். உங்கள் கிளப் எந்த வயதுக்கு எதை அனுமதிக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

பந்து திடமான ரப்பர், 142 முதல் 149 கிராம். பெண்கள் கிரிக்கெட் பந்து 140 முதல் 151 கிராம் என்றால் கனம் புரிந்திருக்கும். கண்காப்பில் ஏஎஸ்டிஎம் எஃப்3077 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மூக்குக்கண்ணாடி அதற்கு ஈடாகாது. பழைய பந்துகள் வழவழப்பாகி இறுகிவிடும். வலையில் நிற்காது, பட்டால் அதிகமாக வலிக்கும். கையில் பிடித்தால் பிடிமானமே இல்லாமல் வழுக்கினால் தூக்கிப்போடச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் டென்னிஸ் பந்தில் பழக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். கனம் இல்லாத பந்தில், மட்டையைத் தொட்டில்போல் ஆட்டிக்கொண்டு ஓடும் பழக்கம் வராது.

கோல்கீப்பருக்கு மட்டும் தலை முதல் கால் வரை உண்டு: முகக்கூண்டுள்ள ஹெல்மெட், தொண்டைக் காப்பு, மார்புக் காப்பு, கையுறை, தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் காப்பு. மார்புக் காப்பில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பிள்ளையின் நெஞ்சில் ஒரு குறிப்பிட்ட கணத்தில் அடி விழுந்தால் இதயத் துடிப்பே தடுமாறி நின்றுபோகக்கூடும். அதற்கென்றே நாக்சே என்டி200 என்ற தரம் இருக்கிறது. அந்த முத்திரை உள்ளதையே வாங்க வேண்டும். கடன் வாங்கிய கிரிக்கெட் பேட் போதாது.

கேள்வி: "எல்லோருக்கும் வாய்ப்பு" என்று எழுதிவைத்துவிட்டு என் பெண்ணை மூன்று மேட்சாக உட்கார வைத்திருக்கிறார்கள். கேட்டால் "ஜெயிக்க வேண்டாமா?" என்கிறார் கோச். – ஓர் அப்பா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ஜெயிக்கத்தான் வேண்டும் ஐயா. ஆனால் எந்த வயதிலிருந்து ஜெயிப்பது முக்கியம் என்பதைக் கிளப் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். 12 வயது வரை சம நேரம்; 13, 14-இல் ஒவ்வொரு பாதியிலும் கட்டாயம் கொஞ்ச நேரம்; அதற்கு மேல் கோச்சின் முடிவு. எங்கள் சிபாரிசு இது.

சம நேரம் கொடுக்க மனசு மட்டும் போதாது, தாளும் பென்சிலும் வேண்டும். ஆறு பேர் ஆடும் 'சிக்சஸ்' வகையை எடுத்துக்கொள்வோம். 70-க்கு 36 மீட்டர் களம், 8 நிமிடக் கால்பகுதிகள் நான்கு, மொத்தம் 32 நிமிடம். அணியில் 12 பேர். கோல்கீப்பர் உடுப்பு மாற்ற நேரமாகும் என்பதால் பாதிக்கு ஒருத்தி என்று இருவர். ஆளுக்கு 16 நிமிடம். மீதி 10 பேருக்கு ஐந்து இடம். ஐந்து ஐந்தாகப் பிரித்து 4 நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றினால் அவர்களுக்கும் ஆளுக்கு 16 நிமிடம். கணக்கு கச்சிதமாக முடிகிறது. ஒருத்தி வராமல் ஒன்பது பேர் ஆகிவிட்டால் ஆளுக்குக் கிட்டத்தட்ட 18 நிமிடம். ஐந்தாவது இடத்தில் மட்டும் பிள்ளைகளை மாற்றி மாற்றி இறக்க வேண்டியிருக்கும்.

இது கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. கோச் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆள் மாற்றுவார். ஆட்டம் சூடு பிடித்ததும் கடிகாரம் மறந்துபோகும். ஆள் மாற்றுவதை வேறொரு பெற்றோரிடம் கொடுத்துவிட வேண்டும். இரண்டாவது, கெட்டிக்காரிகள் ஐந்து பேரையும் ஒரே குழுவில் போடுவது. காகிதத்தில் சமம் இருக்கும். களத்தில் ஒரு குழு கோல் போடும், மற்றது கோல் வாங்கும், அந்தப் பிள்ளைகளுக்குத் தாங்கள் யார் என்று தெரிந்துவிடும்.

கோச்சிடம் கேட்பதை மேட்ச் முடிந்த சூட்டில் கேட்காதீர்கள். மறுநாள், மூன்று மேட்சின் நிமிடங்களையும் எழுதி வைத்துக்கொண்டு, கமிட்டியில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

கேள்வி: எல்லோருக்கும் திறந்த கிளப் என்கிறார்கள், ஆனால் சந்தாவும் உண்டு, மட்டையும் வாங்கச் சொல்கிறார்கள். – ஓர் அம்மா, டொங்காட்

பதில்: சந்தா வாங்குவதில் தப்பில்லை. மைதான வாடகை, காப்பீடு, பந்து எல்லாம் காசுதான். முதல் வருஷமே ஒவ்வொரு வீட்டையும் மட்டை வாங்கச் சொல்வதுதான் தப்பு. மட்டைகள் கிளப்பின் சொத்தாக இருக்க வேண்டும். 14 பிள்ளைகள் என்றால் 16 மட்டை, 14 கண்காப்பு, 30 பந்து, ஒரு கோல்கீப்பர் செட், 1.83 மீட்டருக்கு 1.83 மீட்டர் கோல் இரண்டு. மவுத்கார்டு மட்டும் அவரவர் சொந்தம். அதைப் பகிர்ந்துகொள்ள முடியாது.

மட்டையில் எண் எழுதி, யார் கொண்டுபோனார்கள் என்று நோட்டில் குறித்து வீட்டுக்கு அனுப்புங்கள். பூட்டி வைத்தால் சுவரில் எறிந்து பழக வழியில்லாமல் போகும், வலக்கையால் 50, இடக்கையால் 50 என்று தினம் சுவரில் எறிவதுதான் கையைத் தேற்றும். பெண்கள் மட்டையின் நீளம் 90.2 முதல் 110 சென்டிமீட்டர். நீளமானதைச் சின்னப் பிள்ளைக்காக வெட்டலாம், ஆனால் அடிப்பக்கம்தான் வெட்ட வேண்டும். மேல்பக்கத்தில், வலை கட்டிய தலைப்பகுதியைப் பிடிக்கும் திருகாணித் துளை இருக்கிறது. வெட்டிய வாயை மூடியோ தடித்த டேப்போ போட்டு அடைக்காவிட்டால் கம்பின் விளிம்பு இன்னொரு பிள்ளையின் தோலைக் கிழிக்கும்.

கடற்கரை ஈரத்தில் தோல் வார் போட்ட வலைகள் தொய்ந்துவிடும். பந்தை உள்ளே போட்டு மட்டையைக் கண் மட்டத்தில் கிடையாகப் பிடியுங்கள். பந்தின் மேல்விளிம்பு, மட்டைத் தலையின் பக்கச்சுவருக்கு மேலே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் வலை ஆழம், மேட்சில் நடுவர் மட்டையை எடுத்துவிடுவார். வாரை இழுத்துக் கட்டி, நிழலில் காய விடுங்கள். வெயிலில் போட்டால் விறைத்து வெடிக்கும்.

சந்தா தள்ளுபடி யாருக்கு என்பது பொருளாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். "இன்னும் கட்டாதவர்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போடும் கிளப், வாசலில் என்ன எழுதி மாட்டினாலும் ஏழைப் பிள்ளை அங்கே இரண்டாவது மாதம் இருக்க மாட்டாள்.

கேள்வி: தைப்பூசத்துக்குக் காப்புக் கட்டியிருக்கும் பிள்ளையை ஆடவிடலாமா? நகை கூடாது என்கிறார்கள். – லெனேசியா வாசகி

பதில்: காப்பு நகை அல்ல, அறுக்கச் சொல்லக் கூடாது. மஞ்சள் கயிற்றின் மேல் அகலமான கைப்பட்டையை இழுத்துவிடுங்கள், அல்லது மெல்லிய துணி வைத்து டேப் சுற்றுங்கள். மட்டையில் மாட்டாமல் இருந்தால் போதும். நடுவரிடம் மேட்சுக்கு முன்பே காட்டிவிடுங்கள். வளையல், தொங்கட்டான், சங்கிலி கழற்ற வேண்டும். மூக்குத்தி புதிதாகக் குத்திப் புண் ஆறாமல் இருந்தால் அந்த வாரம் சுவர்ப் பயிற்சி மட்டும். விரத நாட்கள் ஜனவரி, பிப்ரவரி வெக்கையில் வருவதால் ஓட்டப் பயிற்சியைக் குறைத்து, எறிதலும் பிடித்தலும் வைத்துக்கொள்ளலாம். பிள்ளை தானாகச் சொல்ல மாட்டாள், கோச்தான் கேட்க வேண்டும்.

உடுப்பிலும் இதே நிதானம் வேண்டும். பாவாடையோ, அரைக்கால்சட்டையோ, முழுக்கால் லெகிங்சோ, நிறம் ஒன்றாக இருந்தால் போதும். வெள்ளை மட்டும் வேண்டாம். மாதவிலக்கு தொடங்கும் வயதில் வெள்ளை உடுப்புக்குப் பயந்தே பிள்ளைகள் வராமல் நின்றுவிடுவார்கள். முதலுதவிப் பையில் நாப்கின் கட்டாயம், மைதானத்தில் பூட்டாத கழிப்பறையும் கட்டாயம்.

கேள்வி: கோச் யார், என்ன ஆள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பேத்தியைத் தனியாக அனுப்பப் பயம். – ஒரு பாட்டி, வெருலம்

பதில்: நியாயமான பயம் பாட்டி. 2005-ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டப்படி தேசியப் பிள்ளைப் பாதுகாப்புப் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதன் 'பி' பகுதியில் பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்கள் என்று அறிவிக்கப்பட்டவர்களின் பெயர்கள் இருக்கும். கோச், உதவியாளர், வேன் ஓட்டுபவர் எல்லோரையும் அதில் சரிபார்த்த பிறகுதான் சேர்க்க வேண்டும். சம்பளம் வாங்காத தொண்டர் என்பதால் விட்டுவிடக் கூடாது. "சரிபார்த்தீர்களா, பதில் கடிதம் வந்ததா?" என்று கமிட்டியிடம் கேளுங்கள். "நமக்குத் தெரிந்த பையன்தான்" என்பது பதில் அல்ல.

இதோடு மூன்று விதி: எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். கோச் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது, பெற்றோர் இருக்கும் குழுவில்தான். ஒரு பிள்ளையை மட்டும் ஏற்றிக்கொண்டு எந்தக் காரும் போகக் கூடாது. படம் எடுத்துப் போடவும் பெற்றோரின் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

கேள்வி: நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நடத்தினால் என்ன? – வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: கூடாது. நகராட்சி மைதானத்தில் இனம் பார்த்துப் பிள்ளையைத் தடுத்தால் 2000-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் மாட்டுவீர்கள். அது ஒருபுறம். அண்டை வீட்டு ஜூலு பிள்ளைகள் இல்லாமல் பல இடங்களில் 12 பேர் சேரவே மாட்டார்கள். பொங்கலுக்கு எல்லோருக்கும் சேர்த்து ஒரு பானை வையுங்கள், யார் வேண்டாம் என்கிறார்கள்?

கேள்வி: இது வெள்ளைக்காரப் பள்ளிகளின் ஆட்டம்தானே? – 10-ஆம் கிரேடு மாணவி, டர்பன்

பதில்: பள்ளிகளுக்கு அது பிற்பாடுதான் வந்தது தங்கச்சி. வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆட்டம் இது. அவர்களில் ஒரு பிரிவான ஹோடனோஷோனி மக்கள் இன்றும் இதைப் படைத்தவனின் ஆட்டம் என்றே சொல்கிறார்கள். 1867-இல் மான்ட்ரியாலைச் சேர்ந்த ஜார்ஜ் பியர்ஸ் என்ற பல் மருத்துவர் விதிகளை எழுதினார். ஸ்காட்லாந்தின் செயின்ட் லெனார்ட்ஸ் பெண்கள் பள்ளியில் 1890-இல் ஆடத் தொடங்கினார்கள். அங்கே படித்த ரோசபெல் சின்க்ளேர் 1926-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள பிரின் மார் பள்ளியில் பெண்கள் அணியைத் தொடங்கினார். ஆப்பிரிக்காவிலிருந்து உலகப் போட்டிக்கு முதலில் போனது உகாண்டா, 2014-இல், ஆண்கள் அணி. சிக்சஸ் வகை 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இருக்கிறது.

"ஆட்டத்துக்கு மரியாதை" என்று உன் கிளப் எழுதியிருந்தால், முதல் நாள் பயிற்சியில் ஐந்து நிமிடம் இந்தக் கதையைச் சொல்லச் சொல். இறகுத் தொப்பி படம் போட்ட பனியன் மட்டும் வேண்டாம். நம் காவடியை யாரோ வேடிக்கைச் சின்னமாக அச்சடித்தால் நமக்கு எப்படி இருக்கும்?

கேள்வி: கிளப்பைப் பதிவு செய்ய வேண்டுமா? – கமிட்டி உறுப்பினர், ஃபீனிக்ஸ்

பதில்: கட்டாயம் இல்லை. ஆனால் நன்கொடை கேட்கப் போனால் முதலில் பதிவு எண்ணைத்தான் கேட்பார்கள். 1997-ஆம் ஆண்டின் இலாப நோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின் கீழ் சமூக மேம்பாட்டுத் துறையில் பதியலாம், கட்டணம் இல்லை. கிளப்பின் சட்டதிட்டத்தில் பெயர், நோக்கம், நிர்வாகிகளின் அதிகாரம், கூட்டம் நடத்தும் முறை, கூட்டத்துக்குக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற எண்ணிக்கை (கோரம்), நிதியாண்டு முடியும் தேதி இவை இருக்க வேண்டும். வருமானத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது என்ற வரியும் வேண்டும். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் வருடாந்திர அறிக்கை அனுப்ப வேண்டும்; பலர் பதிவோடு நிறுத்திக்கொண்டு இதை மறந்து பதிவையே இழக்கிறார்கள்.

எல்லோரும் தாவிப் போகும் வரி ஒன்று உண்டு: கிளப் கலைந்தால் சொத்து யாருக்கு? இதே போன்ற நோக்கமுள்ள வேறொரு அமைப்புக்குப் போக வேண்டும் என்று எழுதினால்தான் பதிவு கிடைக்கும். அந்த 16 மட்டையும் கோல்கீப்பர் செட்டும் யாருடைய கராஜிலும் தங்கிவிடாது.